பாடு முறையும் பொருளின் வரம்பும்

ஒரு பொருள் எவருக்குரியது என்று கேட்பவர், எத்துணைக் காலம் உரியது என்றும் கேட்டல் வேண்டும். பின்னதை மறப்பதால் விளையும் கேடு ஏரியிலும் உண்டு, கணினியிலும் உண்டு.

பழவேற்காட்டு ஏரியில் இறால் மிகுந்த நீரிடங்களை மீனவக் குப்பங்கள் சில பாடு என்னும் முறையால் பகிர்ந்துகொள்ளுதல் நெடுநாள் வழக்கம். தலைக்கட்டாக எண்ணப்பெற்ற மீனவர் விரும்பிய இடத்தைத் தாமே பற்றிக்கொள்வதில்லை. ஊரார் சீட்டெடுத்து முறைவைத்து அளிக்கின்றனர். முறை கழிந்ததும் இடம் அடுத்தவரைச் சேரும்.

ஜாவா மொழியில் நிரல் எழுதுவார் பெரிதும் கையாளும் ஸ்பிரிங் என்னும் சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்கண் ஒரு பொருள் தனக்கு வேண்டிய துணைப்பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. கொள்கலமே ஆக்கி அளிக்கின்றது. இதனைச் சார்பு உட்செலுத்தல் என்பர். அவ்வாறு அளிக்கப்பெறும் பொருளின் வாழ்நாள் எல்லையே ஸ்கோப் எனப்படும் வரம்பு. யாதும் குறியாவிடின் அது சிங்கிள்டன். கொள்கலத்தில் ஒன்றே, யாவர்க்கும் பொது. புரோட்டோடைப் எனின் கேட்குந்தோறும் புதிது. ரெக்வெஸ்ட் ஒரு வேண்டுகோள் முடியுமளவும், செஷன் ஒருவரது அமர்வு முடியுமளவும் நிற்கும்.

சிங்கிள்டனே தீது என்பார் சிலர். அஃது எமக்கு உடன்பாடன்று. பொதுப்பொருள் தீதன்று, அதனுள் ஒருவரது தனிச்செய்தியை வைத்தலே தீது. ஒரே காலத்தில் இருவர் வேண்டுகோள் விடுப்பின், முன்னவர் கணக்கு பின்னவர் கண்ணிற்படவும் கூடும்.

அங்ஙனமாயின் உட்செலுத்தும் பொருளைப் புரோட்டோடைப் ஆக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. சிங்கிள்டனுள் செலுத்தப்பெற்ற புரோட்டோடைப், அச்சிங்கிள்டன் தோன்றும்பொழுது ஒருமுறையே அளிக்கப்பெற்று, பின் என்றும் அதுவாகவே நிற்கும். ஒருநாட் பாட்டை நிலையான பட்டாவாக்கியது போலும் இது! வேண்டுந்தோறும் கேட்டுப்பெறும் ஆப்ஜெக்ட்புரொவைடரையேனும், ஸ்கோப்டு பிராக்சியையேனும் கொள்ளுதலே நேர்வழி. மேலும், புரோட்டோடைப்பின் முடிவைக் கொள்கலம் ஏற்பதில்லை. திறந்த கோப்பை மூடுங் கடமை பெற்றவரையே சாரும்.

பாடு முறை குறையற்றதென யாம் கூறவில்லை. தலைக்கட்டில் இடம்பெறாதார்க்கு அதிற் பங்கில்லை. எவரெவர்க்கு வழங்குவதென்னும் பட்டியலை எழுதுவோர் நேர்மையே முறையின் நேர்மையாகும். நிரலிலும் அவ்வாறே, வரம்பைக் கொள்கலம் தானாக அறியாது, எழுதுவோர் குறித்ததையே காக்கும். ஆதலின் நிரல் பயிலும் நம் கல்லூரி மாணவர், ஒரு பொருளை ஆக்குமுன் அது யாருக்கு, எதுவரை என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை எழுதிக்கொள்வாராக.