உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள்!

அவிநாசி வட்டாரத்தில் உண்ணியைப் பார்க்காதவர் யார்? மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக் கொண்டிருக்கும். "பழகிய பூச்சிதானே!" என்று சும்மா இருந்து விடுகிறோம். அது சரியல்ல.

உண்ணி, சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு 8 கால்கள். குஞ்சுக்கு 6 கால்கள். அது பறக்காது, தாவாது. புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகிறவர் மீது தொற்றிக் கொள்ளும். ரத்தம் குடித்ததும் ஆமணக்கு முத்துப் போல உப்பி விடும்.

குரங்குக் காய்ச்சல்

1957-ம் ஆண்டில், அப்போதைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் ஜுரம் கண்டு இறந்தார்கள். உண்ணி பரப்பிய கிருமியே காரணம் என்று தெரிந்தது. 2012-ல் அந்த நோய், நீலகிரியை அடுத்த பந்திப்பூர் காட்டிலும் தலைகாட்டியது.

நம் ஊர் ஜுரம்

தமிழ்நாட்டில் "உண்ணிக் காய்ச்சல்" என்று சொல்லப்படுவது வேறு நோய். உண்ணிக்கு உறவான, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி அதைப் பரப்புகிறது. அது புதர்களில் இருக்கும். கடித்த இடத்தில், சுருட்டுச் சூடு பட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு தோன்றலாம். வலி இராது. அதனால் பலர் கவனிப்பதில்லை.

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் மாத்திரையிலேயே குணமாகும். "ஒருநாள் கூலி போய்விடுமே" என்று கடை மாத்திரையை விழுங்கி நாளைக் கடத்தினால், உயிருக்கே ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

புதர்ப் பக்கம் போகும்போது கை கால்களை மூடும் துணி அணியுங்கள். வெறும் தரையில் படுக்காதீர்கள். வீடு திரும்பியதும் குளித்து, துணியைத் துவைத்துப் போடுங்கள். குழந்தைகளின் தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்பு வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். விரலால் நசுக்காதீர்கள். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாட்டுக்கு உண்ணி அதிகமானால் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளை அடையுங்கள். உண்ணி முட்டையிடும் இடம் அதுதான்.

ஜுரம் வந்தால் டாக்டரிடம், "காட்டு வேலைக்குப் போனேன், பூச்சி கடித்திருக்கலாம்" என்று தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடும்.