மந்தச் சந்தையில் பழைய படகு

சந்தை மந்தமானால் பழைய படகின் விலை இறங்கிவிடும் என்பது பொதுவான எண்ணம். கொழும்பின் மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் பலநாள் படகு தேடுபவர்கள் காண்பது வேறு. கேட்கும் விலை இறங்குவதில்லை, விற்பனைதான் நின்றுபோகிறது. விற்பவருக்குப் பேராசை, வாங்குபவருக்குக் கஞ்சத்தனம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையில் இருவரும் வெவ்வேறு கணக்குப் போடுகிறார்கள். இரண்டிலும் பிழை இல்லை.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கிய 2022ஐ எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பைபர் படகுக்கு வேண்டிய ரெசினும் கண்ணாடி நாரும் இயந்திரமும் இறக்குமதிப் பொருட்கள். “இதே படகை இன்றைக்குப் புதிதாகக் கட்ட எவ்வளவு முடியும், தெரியுமா?” என்று விற்பவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதே ஆண்டில் டீசல் லீற்றர் 121 ரூபாயிலிருந்து ஜூன் இறுதியில் 460 ஆனது. சிறு படகுகளுக்கான மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே இரவில் 87இலிருந்து 340க்கு ஏறியது. பலநாள் படகுக்கு டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் முன்பணம் போட வேண்டும். பேலியகொடைச் சந்தையில் மீன் விலைபோன பிறகே அது திரும்பும். வாங்குபவர் பார்த்தது இந்த வரவு செலவை. ஒரே நெருக்கடி, படகு கட்டும் செலவை உயர்த்தியது; படகு தரும் வருமானத்தைக் குறைத்தது. பேரம் படியாததற்குக் காரணம் இதுதான்.

இதில் கடைசியில் இறங்கிவர வேண்டியவர் பெரும்பாலும் விற்பவரே. புதுப் படகின் விலை உச்ச வரம்பு மட்டும். உழைத்துத் தராத விலையை யாரும் கொடுப்பதில்லை. காத்திருப்பதும் இலவசமல்ல. கட்டிக்கிடக்கும் படகின் அடியில் சிப்பி பிடிக்கும், இயந்திரம் துருவேறும், வங்கி வட்டி ஓடும். விற்கும்வரை படகைத் தொழிலுக்கு அனுப்புவதே நல்லது. கடலுக்குப் போய்வரும் படகு தன் நிலையைத் தானே காட்டும்.

வாங்குபவர் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது உடல்: தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கிறதா, தளம் மிதிக்கும்போது அமுங்குகிறதா? இரண்டாவது இயந்திரம்: சூடாக்கி வைத்திருக்காமல், ஆறிய நிலையிலிருந்து இயக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பத்திரம்: 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் பதிவு வேறு, மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேறு. ஐ.எம்.யூ.எல். என்று தொடங்கும் பதிவிலக்கமும் இயந்திர இலக்கமும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய கடன் தீர்ந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும்.

வலையையும் தூண்டில் சாமான்களையும் தனி விலையாகப் பேசினால் பாதிக் குழப்பம் தீரும். வாங்குபவர் முதல் இரண்டு பயணச் செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சப் பணத்தில் மட்டும் பேரம் பேசட்டும். கையிருப்பு முழுவதையும் படகுக்கே கொடுத்துவிட்டு டீசலுக்குக் கடன் வாங்குபவருக்கு, ஒரு பயணம் பிழைத்தாலே படகை விற்க வேண்டிய நிலை வந்துவிடும்.