இறப்பர்ப் பிடியும் இளைஞர் கையும்

வவுனியாவிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இக்கிழமை என் மேசைமீது இருக்கின்றது. மண்பாதையிலே மோட்டார் சைக்கிளோட்டப் பழகும் அவருடைய மகன், எந்திரம் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹாண்டிலின் இரு முனைகளிலுமுள்ள இறப்பர்ப் பிடிகளை மாற்றவேண்டுமென்று பணங் கேட்கிறானாம். "இது தேவைதானா, அன்றி வெறுஞ் சோடிப்பா?" என்பது அம்மையாரின் வினா. தேவைதான் என்பதே எனது விடை. ஆயினும் மகன் மனத்திலுள்ள காரணமும் நான் சொல்லப்போகுங் காரணமும் ஒன்றாயிருக்குமோ என்பது ஐயமே. அவன் பெரும்பாலும் நிறத்தை எண்ணியிருப்பான்.

தார் வீதியிற் செல்பவன் இருக்கையில் அமர்ந்து செல்கிறான். அவனுடைய கைகளுக்கு அதிக வேலையில்லை. மண்பாதைப் போட்டியோ வேறு வகையானது. 1924-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காம்பர்லி என்னுமிடத்து மேடுபள்ளங்களில் நடந்த ஓட்டத்தை இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கொள்வர். 1957 முதல் அதற்கு உலகப் பட்டமும் உண்டு. மோட்டோகிறொஸ் என்பது அதன் பெயர். தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் போட்டிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: ஓட்டுபவன் பாதிநேரம் எழுந்து நிற்கிறான். கால்கள் மிதிகட்டையில் ஊன்றியிருக்க, முழங்கால்கள் தாங்கியை அணைத்திருக்க, துள்ளியெழும் எந்திரத்துக்கு வழிகாட்டுவன இரண்டு உள்ளங்கைகளே. அவ்வுள்ளங்கைகளுக்கும் இரும்புக்கும் இடையில் இருப்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பர். அது தேய்ந்து வழுக்கினால், அல்லது பசை விட்டுச் சுழன்றால், மற்ற உறுப்புகள் எவ்வளவு சிறந்தவையாயிருந்தும் பயனில்லை.

வலக்கைப் பிடிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இடக்கைப் பிடி ஹாண்டிலோடு அசையாது நிற்பது. வலக்கைப் பிடியோ அக்சிலேற்றர்க் குழாயின்மீது ஏறியிருந்து அதனோடு கூடத் திரும்புவது. முன்னாளில் என்னிடம் படித்த ஒருவன் புதுப்பிடியை அழகாக ஏற்றினான். ஆனால் உள்விளிம்பு அக்சிலேற்றர்க் கூட்டோடு முட்டும்வரை தள்ளிவிட்டான். இறப்பர் கூட்டில் உராய்ந்தது. கையை விட்டபின்னும் குழாய் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வளைவு வந்தபோது எந்திரம் வேகந் தணியாமல் நேரே போயிற்று. மணிக்கட்டு எலும்போடு தப்பினான். உயிர் போயிருந்தாலும் வியப்பதற்கில்லை.

இனித் தெரிவு செய்வதைப் பார்ப்போம். இறப்பர் நமக்குப் புதிய பொருளன்று. பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் நாற்றுகள் 1876-இல் இலங்கைக்கு வந்து கம்பகாவுக்கருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மரத்தின் பால் அப்படியே பயன்படாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகங் கலந்து சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை 1839-இல் குட்இயர் கண்டறிந்தார். எவற்றை எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே இறப்பர் மெத்தென்றோ விறைப்பாகவோ அமையும். கடைகளில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று பிடிகளைப் பிரித்து விற்பதன் பொருள் இதுவே. மென்மையானது எந்திரத்தின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு கையைக் காக்கும். ஆனால் விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், கையை நோகச்செய்யும். பழகுபவனுக்கு மென்மையானதையோ நடுத்தரத்தையோ வாங்குவதே என் கருத்து. பிடி தேய்ந்தால் வேறு வாங்கலாம்.

தடிப்பைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இங்கேதான் பலர் பிழைவிடுகின்றனர். செம்மண் தோட்டக்காரர் ஒருவர் மண்வெட்டிக்குப் பிடி தெரிவதைப் பாருங்கள். கட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பற்றி, ஓங்கிப் பார்த்து, தம் விரலுக்கு அடங்குவதையே எடுப்பார். அயலவர் பிடி எவ்வளவு அழகாயிருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. இளைஞரோ உலகப் பட்டம் வென்ற வீரனுடைய பெயர் பொறித்த பிடியை வாங்குகின்றனர். அவ்வீரனுடைய கை இவர்களுடைய கையா? பிடி மிகத் தடித்தால் விரல்கள் சுற்றி வளைவதில்லை. மிக மெலிந்தாலும் கை இறுக்கிப் பிடிக்கவே நேரிடும். ஓயாத இறுக்கத்தினால் முன்கைத் தசைகள் வீங்கும். அவற்றைச் சுற்றிய உறை அவ்வளவு விரிந்து கொடாமையால் இரத்த ஓட்டம் தடைப்படும்; விரல்கள் மரத்துப்போகும். பிறேக்கை அழுத்த எண்ணும் நேரத்தில் விரல் வராது. ஆம்பம்ப் என்று ஓட்டுநர் அஞ்சுவது இதனையே. பிடி மட்டுமே இதற்குக் காரணமன்று; எனினும் பொருந்தாத பிடி அதனை வளர்க்கும். ஆகவே கையுறையை அணிந்துகொண்டே கடையிற் பற்றிப் பாருங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையை மெல்லத் தொட்டும் தொடாமலும் நின்றால் அளவு சரி. வெறுங்கையால் அளப்பது வீண்.

மேற்பரப்பின் கோலத்தில் அவ்வளவு நுணுக்கமில்லை. முழுதுங் கட்டங்கட்டமாயுள்ளது சேற்றில் நன்றாய்ப் பற்றும், ஆனால் பழகாத உள்ளங்கையைக் கொப்புளமாக்கும். விரல் வளையும் பக்கத்தில் மட்டும் கட்டமிட்டது இதமானது. பசையின்றி வளையமும் ஆணியும் கொண்டு பூட்டும் பிடிகளும் உண்டு. அவை சுலபமானவை, ஆயினும் வலப்பக்கத்துக்குத் தம் எந்திரத்துக்கேற்ற குழாய் கூட இருக்கின்றதா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

பூட்டும் வேலைக்கு வருவோம். ஹாண்டில் நடுவிலே 28.6 மில்லிமீற்றர் தடித்திருந்தாலும் முனைகள் 22.2 மில்லிமீற்றரே. அக்சிலேற்றர்க் குழாய் அதன்மேல் ஏறுவதால் வலப்பிடியின் துளை சற்றுப் பெரிது. இரண்டையும் மாற்றிச் செருக முயன்று இறப்பரைக் கிழிப்பவர் உண்டு; முதலில் துளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பிடியைக் கத்தியால் நீளவாக்கிற் கீறி உரிக்கலாம். இடப்பக்கம் அஞ்சவேண்டியதில்லை. வலப்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய். கத்தி அதில் ஆழப் பதியாமல் மேலோட்டமாகவே கீறவேண்டும்.

பழைய பசையைச் சுரண்டி, அரத்தாளால் இலேசாய்த் தேய்த்து, மதுசாரம் நனைத்த துணியால் துடையுங்கள். சிலர் இலகுவாய் ஏறட்டுமென்று எண்ணெயோ கிறீசோ தடவுவர். ஏறுவது உண்மை, ஏறிய வழியே கழன்று வருவதும் உண்மை. அன்றியும் எண்ணெய் இயற்கை இறப்பரை ஊதச்செய்து நொய்யதாக்கும். பிடிக்கென்றே விற்கும் பசையைக் குழாயிலும் பிடியின் உட்புறத்திலும் பூசி, சற்றே முறுக்கியபடி ஒரே மூச்சில் தள்ளவேண்டும். இடையில் நின்று யோசித்தால் பசை பிடித்துக்கொள்ளும். கோலம் எப்பக்கம் வரவேண்டுமென்பதை முன்பே சுண்ணக்கட்டியால் குறித்துவைப்பது நல்லது.

வலப்பக்கத்தில் பிடியின் விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையே ஒன்று இரண்டு மில்லிமீற்றர் வெளி விடுங்கள். மறுமுனையிலும் பிடியின் மூடிய நுனி ஹாண்டிலின் வாயில் அழுந்தக்கூடாது. பின்பு எந்திரத்தை இயக்காமலே ஹாண்டிலை முற்றாக இடமும் வலமும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அக்சிலேற்றரை முறுக்கி விடுங்கள். அது தானாகவே வெடுக்கென்று மூடிக்கொள்ளவேண்டும். மந்தமாய்த் திரும்பினாலும் ஒத்துக்கொள்ளக்கூடாது. வண்டியோட்டத் தெரியாத பெற்றோரும் அருகில் நின்று இதனைச் செய்துகாட்டச் சொல்லலாம். மூடும் ஓசையே விடை சொல்லும்.

சேற்றுநீர் புகுந்தால் பசையும் தளருமாதலால், பிடியிலுள்ள பள்ளங்களில் மெல்லிய துருவேறாக் கம்பியைச் சுற்றி முறுக்குவது வழக்கம். முறுக்கிய முனையை அரை விரற்கடையளவில் வெட்டி, உள்ளங்கை படாத முன்பக்கத்தில், இறப்பருக்குள் அழுத்தி மடித்துவிடவேண்டும். மடியாது விட்ட முனை கையுறையையும் கிழிக்கும், தோலையும் கிழிக்கும். இவையெல்லாம் மாலையில் முடிந்தால் இரவு முழுதும் உலரவிட்டு, காலையில் பிடியை இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்து, இம்மியும் சுழலாதாயின் அதன்பின் வண்டியை வெளியே எடுக்கலாம்.