மெதுவாக வேகட்டும், கண் முன்னால் வேகட்டும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குப் பின் உண்ணும் விருந்தை அங்கே ரெவெய்யோன் என்பார்கள். அதில் ழாம்போன், அதாவது உப்பில் ஊறிய பன்றித்தொடை, முக்கியமான பதார்த்தம்.

இப்போது எங்கள் புதுக்கோட்டைப் பக்கமும் சில வீடுகளில் இதை ஸ்லோ குக்கரில் வைத்துவிட்டு, ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோவிலுக்குப் பூசைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்லோ குக்கர் மேல் எனக்குக் கோபமில்லை. வறட்டித் தணலில் நாளெல்லாம் பால் காய்ச்சியவர்கள்தானே நாம்! வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வேகவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

காரணம், கரண்டு. நடுவில் இரண்டு மணி நேரம் போய் வந்தால் திருகு வைத்த குக்கர் தானே மறுபடி சூடாகும், போனதே தெரியாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உப்பிட்ட கறிதானே என்பார்கள். உப்பைத் தாங்கும் கிருமியும் உண்டு. அது விட்ட நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அலுவலகத்தில் கோப்பு கிடப்பில் கிடந்தால் கெடாது, கறி கெடும்.

ஆகவே ஃப்ரீசரில் இருந்ததை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை நீக்குங்கள். பகலில் வேகவையுங்கள். அடிக்கடி மூடியைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி 63 டிகிரியையாவது தாண்டட்டும். வெந்ததை இறக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகப் பூசைக்குப் போங்கள். வந்து சுடவைத்துச் சாப்பிடலாம். பேரப்பிள்ளைகள் உண்ணும் விருந்தல்லவா?