களை எடுக்கும் கருவி

வேண்டாத மின்னஞ்சல்களைத் தடுக்கும் துணை மென்பொருளை நம் கணினியில் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா? இந்த வினா இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு பட்டிமன்றமாகவே நடந்துவிட்டது. சேர்த்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கட்சி. ஆயினும் அதை நம்பித் தூங்கிவிடக் கூடாது என்பதும் எங்கள் கட்சியே.

மின்னஞ்சல் நமக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்னும் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கும் நீட் தேர்வுக்கும் விண்ணப்பிக்கும்போது மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அந்நேரத்தில் பேருந்து நிலையத்தருகே உள்ள கணினி மையத்திற்கு ஓடி, அண்ணன் ஒருவர் உருவாக்கித் தரும் முகவரியை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு வருகிறோம். சில வேளைகளில் கடைக்காரரின் சொந்த முகவரியே நம் விண்ணப்பத்தில் ஏறிவிடுகிறது! பிறகு அதே முகவரியைப் பயிற்சி நிலையத்திற்கும், துணிக்கடைத் தள்ளுபடிக்கும், விளையாட்டுச் செயலிக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். ஆறே மாதத்தில் பெட்டி நிறைகிறது. ஒருவர் குலுக்கலில் பரிசு என்கிறார், மற்றொருவர் வீட்டிலிருந்தே வேலை என்கிறார். குப்பை மிகுந்த பெட்டியை யாரும் திறப்பதில்லை.

இதனால் நேர்ந்த இழப்பு ஒன்று எங்களுக்குத் தெரியும். முன்பு எங்களோடு விடுதியில் இருந்த அக்கா ஒருவர், ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். தந்தையார் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநர். அத்தொகை கிடைத்தால் விடுதிக் கட்டணம் முழுவதும் அடங்கிவிடும். நேர்காணலுக்கான அழைப்பு வரவில்லை என்றே எல்லாரும் எண்ணினோம். உண்மையில் அது வந்திருந்தது. குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தது. அவர் அதைக் கண்டபோது நேர்காணல் முடிந்து ஒன்பது நாள்கள் கழிந்திருந்தன. ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குள் போன கடிதம் 30 நாள்களில் தானாகவே அழிந்துவிடும். இன்னும் சில வாரங்கள் கழிந்திருந்தால், அழைப்பு வந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இத்தொல்லை இன்று நேற்று தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்று, தன் புதிய இயந்திரங்களைப் பார்க்க வருமாறு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய விளம்பரமே முதல் குப்பை அஞ்சல் என்பர். அதைத் தடுக்க முயன்றவர்கள், "இன்ன சொல் இருந்தால் தள்ளு" என்று முதலில் விதி எழுதிப் பார்த்தார்கள். அனுப்புவோர் சொல்லை மாற்றினார்கள். 2002ஆம் ஆண்டு பால் கிரகாம் என்பவர் கணக்கு வழியைப் பரிந்துரைத்து எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிய கடிதம் குப்பையாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் வழி அது. இதன் அடிப்படைத் தேற்றம் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் போதகருடையது. அவர் மறைந்த பின் 1763இல் அது அச்சேறியது. திருச்சபை ஊழியர் ஒருவரின் கணக்கு இன்று நம் கடிதங்களைக் காக்கிறது என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி!

அதைவிடப் பிடித்தது வேறொன்று. கிரகாம் தம் கணக்கில் நல்ல கடிதச் சொற்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கிக் கொண்டார். ஒரு குப்பை தப்பி உள்ளே வந்தாலும் தாழ்வில்லை, ஒரு நல்ல கடிதம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார். கோதுமையும் களைகளும் பற்றிய உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம் அல்லவா? களையைப் பறிக்க ஓடிய வேலையாளை வயலின் தலைவர் தடுத்ததும் இதே அச்சத்தினால்தான்.

இத்தகைய வடிகட்டி நம்மிடம் பாடம் கேட்கும் மாணவி. 'இது குப்பை', 'இது குப்பையன்று' என்று நாம் குறித்துக் காட்டக் காட்டத்தான் அதற்கு அறிவு வளரும். தமிழ்க் கடிதங்களில் கூடுதல் பொறுமை வேண்டும். பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக என்பவை நமக்கு ஒரே சொல். இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரிக்கும் வடிகட்டிக்கோ நான்கு தனித்தனிச் சொற்கள். தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் கற்றுக்கொள்ளும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. முதலில் அதைப் பழக்கிப் பார்த்துவிட்டு வெளியார் தரும் கருவியைத் தேடலாம்.

ஏனெனில், வெளியிலிருந்து சேர்க்கும் மென்பொருள் பல வேளைகளில் நம் கடிதங்கள் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்கிறது. நாமும் படிக்காமலே 'சரி' என்று தட்டுகிறோம். விளம்பர அஞ்சல்களை ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொன்ன 'அன்ரோல் மீ' என்ற இலவசச் சேவையின் கதை 2017இல் வெளியானது. பயனாளர்களின் அஞ்சல்களிலிருந்த ரசீதுகளிலிருந்து, பெயரை நீக்கி, செய்தி திரட்டி அதன் தாய் நிறுவனம் விற்று வந்திருக்கிறது. 2019இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வீட்டைப் பெருக்க வந்தவர் பீரோவையும் திறந்து பார்த்த கதை இது.

வேறொரு வகைக் கடிதமும் உண்டு. வங்கியின் பெயரிலோ தேர்வு வாரியத்தின் பெயரிலோ, முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறி வரும். எந்தச் சல்லடையிலும் அது சில வேளை நழுவி விழும். நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் திருத்தொண்டாற்றிய வீரமாமுனிவர், எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்திக் காட்ட எழுத்தில் செய்த சிறு திருத்தத்தைத் தமிழாசிரியை சொல்லித் தந்தபோது, ஒரு சுழியில் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்தோம். 'செடி'யையும் 'சேடி'யையும் பிரித்தறியப் பழகிய கண்ணுக்கு முகவரியில் மாறிய எழுத்து தெரியாமற் போகாது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். மகள் சொன்னால் திட்டு விழுமோ என்று அஞ்சி நாள் கடத்தும் தோழியர் இருப்பதால், பெற்றோரே, இதை உங்களுக்காகவும் எழுதுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் தம் சொந்த முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்ளவும், வாரம் ஒருமுறை குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கவும், சனிக்கிழமைகளில் கணினிக் கூடத்தை அரைமணி நேரம் திறந்து தர வேண்டுமென்று அருட்சகோதரியரிடம் கேட்டிருக்கிறோம். மாலைச் செபத்திற்கு முன் நேரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகத் தலைமைச் சகோதரி கூறியிருக்கிறார்.