36ஆம் கூடத்தின் கதவு

சண்டைப் படம் என்ற பெயரைக் கேட்டதுமே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. சண்டை இல்லாததும் ஒரு படமா என்று கேட்கும் இளைஞரும் உண்டு. இவ்விரு சாராரும் ஒரே வீட்டில், ஒரே திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும்போது எழும் வாக்குவாதம் பெரும்பாலும் முடிவு காணாமலே போய்விடுகிறது. ஒரு சாரார் சண்டையை முற்றாக வெறுக்கின்றனர். மறு சாரார் முற்றாக ஏற்கின்றனர். எது நல்ல சண்டைப் படம், எது வெறும் அடிதடி என்று நிறுத்துப் பார்க்க இருவருமே முயல்வதில்லை. நிறுப்பதற்குத் தராசு வேண்டும். தராசுக்குப் படிக்கல் வேண்டும். அத்தகைய படிக்கல்லாகப் பயன்படக்கூடிய ஒரு படத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். ஹொங்கொங்கின் ஷோ சகோதரர் நிறுவனத்தார் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட "ஷாவோலினின் 36ஆம் கூடம்" என்பதே அது.

கதை சுருக்கமானது. மஞ்சு வம்சத்தார் சீனாவை ஆண்ட காலம், கன்டன் பிரதேசம். லியூ யூ-டே என்னும் மாணவன் தன் ஆசிரியரின் தூண்டுதலால் ஆட்சிக்கு எதிரான இரகசிய இயக்கத்திற் சேருகிறான். தியென் தா என்னும் தளபதி இதனை அறிந்து அப்பள்ளியையே அழித்துவிடுகிறான். ஆசிரியரும் தோழரும் உற்றாரும் மாள்கின்றனர். காயத்துடன் தப்பிய மாணவன், பழிவாங்குவதற்கு வித்தை கற்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் ஷாவோலின் பௌத்த மடத்தை அடைகிறான். மடத்தவர் தயங்க, தலைமைத் துறவி இரங்கி இடமளிக்கிறார். சான் தே என்ற துறவுப் பெயருடன் அங்கே தங்கும் அவனுக்கு முதல் ஓராண்டும் எவ்விதப் பயிற்சியும் கிடைப்பதில்லை. அதன் பின்னர் 35 பயிற்சிக் கூடங்களையும் ஆறு ஆண்டுகளில் கடந்து, மடத்திலேயே உயர் பதவிக்கு உரியவனாகிறான். இறுதியில் வெளியுலகுக்குத் திரும்பித் தளபதியை வெல்கிறான்.

இதுவரை சொன்னதில் புதுமை ஒன்றுமில்லை. பழிவாங்கும் கதைகள் ஆயிரம் உண்டு. ஆனால் இப்படம் தன் பெரும் பகுதியைப் பழிக்கு ஒதுக்கவில்லை, படிப்புக்கு ஒதுக்கியிருக்கிறது. இதன் தனிச்சிறப்பு அங்கேதான் தொடங்குகிறது.

எந்தக் கூடத்திலிருந்து தொடங்க விரும்புகிறாய் என்று கேட்டபோது, சான் தே எல்லாவற்றுக்கும் உச்சியிலுள்ள 35ஆம் கூடத்தையே கேட்கிறான். அங்கே மூத்த துறவிகள் அமர்ந்து சூத்திரங்களை ஓதிக்கொண்டிருக்கின்றனர். சண்டை கற்க வந்தவனுக்கு அது விளங்கவில்லை. அங்கே நிற்பதற்கும் அவனால் முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வலிமை அவனைத் தூக்கி எறிகிறது. அரிச்சுவடி அறியாத பிள்ளை தொல்காப்பியத்துக்கு உரை கேட்டது போலாயிற்று அவன் நிலை. தலை குனிந்து கீழே இறங்கி, முதற் படியிலிருந்து ஏறத் தொடங்குகிறான்.

அந்த முதற் படி என்ன? உணவு மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு நீர்த்தொட்டி. நீரில் மிதக்கும் மரக்கட்டுகளின் மேல் கால் வைத்து அப்பால் தாவவேண்டும். தவறி விழுந்தவன் நனைந்த உடையுடன் பந்தியில் அமர முடியாது. பசியே அங்கு ஆசிரியர்! அடுத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி நீர் நிறைந்த வாளிகளைச் சுமக்கவேண்டும். கை தாழ்ந்தால் விலாவைக் குத்துவதற்குப் புயத்தின் கீழே கத்திகள் கட்டப்பட்டிருக்கின்றன. பிறிதொரு கூடத்தில், நீண்ட கோலின் நுனியிலுள்ள பாரமான சுத்தியலால், தாளத்துக்கு ஏற்ப மணியை அடிக்கவேண்டும்; மணிக்கட்டுக்கு அது பயிற்சி. இன்னொன்றில், முகத்தின் இருபுறமும் ஊதுபத்தி எரிய, தலையை அசைக்காமல் ஆடும் விளக்கைக் கண்ணால் மட்டும் தொடரவேண்டும். வேறொன்றில், வரிசையாகத் தொங்கும் மணல்மூட்டைகளைத் தலையால் மோதியே முன்னேற வேண்டும்.

இக்காட்சிகளில் எதிரி என்று எவருமில்லை. ஆயினும் படத்தின் மிகச் சிறந்த போராட்டங்கள் இவையே என்பது எமது கருத்து. சான் தே இங்கே தன் கையின் தளர்ச்சியோடும், கண்ணின் அலைச்சலோடும், மனத்தின் அவசரத்தோடும் போராடுகின்றான். நேற்று விழுந்தவன் இன்று விழாமல் நிற்கும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி, நூறு பேரை ஒருவன் அடித்து வீழ்த்தும்போது உண்டாவதில்லை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு கூடமும் உடலின் ஓர் உறுப்பையோ ஓர் ஆற்றலையோ தனியே பிரித்துக் காட்டுகிறது. பார்க்கும் நாமும் அறியாமலே அவற்றைக் கற்றுவிடுகிறோம். பின்னர் சான் தே ஆயுதமேந்தி நிற்கும்போது, இந்த மணிக்கட்டு மணி அடித்த மணிக்கட்டு, இந்தப் புயம் வாளி சுமந்த புயம் என்று நம்மால் இனங்காண முடிகிறது. கதாநாயகன் வெல்வான் என்பது எல்லாப் படங்களிலும் தெரிந்ததே. அவன் எதனால் வெல்கிறான் என்பதைக் காட்டும் படங்கள் மிகச் சில.

தோல்வியையும் இப்படம் மதிக்கிறது. மடத்தின் நீதித் துறவி, சான் தேக்குப் பதவி கொடுப்பதை எதிர்த்து, முதலில் என்னை வென்று காட்டு என்கிறார். இரு கைகளிலும் வாளேந்தி நிற்கும் அவரிடம் சான் தே ஒரு முறைக்கு மேல் தோற்கிறான். தோற்றவன் புலம்பவில்லை, எங்கே பிழைத்தோம் என்று ஆராய்கிறான். மூங்கிற் காட்டில் அவனுக்கு ஒரு யோசனை பிறக்கிறது. மூன்று துண்டுகளைச் சங்கிலியால் இணைத்த கோலொன்றைச் செய்துகொண்டு வந்து அவரை வெல்கிறான். பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவனுக்கு இதைவிட நல்ல ஆறுதலை ஒரு சினிமா சொல்லிவிட முடியாது.

இத்தனைக்கும் காரணமானவர் டைரக்டர் லௌ கார்-லியூங். 2013ஆம் ஆண்டில் காலமான இவர், சினிமாவுக்கு வந்து சண்டை பழகியவரல்லர். சண்டைக்கலைக் குடும்பத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். சீன மக்கள் போற்றும் வொங் ஃபெய்-ஹுங் என்னும் வீரரின் மாணாக்கர் லாம் சாய்-விங்; அவருடைய மாணாக்கர் லௌ காரின் தந்தை. சான் தே பாத்திரத்தை ஏற்ற கோர்டன் லியூவும் அதே குடும்பத்தின் பயிற்சியில் வளர்ந்தவர். ஆகையால் நடிகர் உண்மையாகவே செய்யும் அசைவை மறைக்கவேண்டிய தேவை கமெராவுக்கு இருக்கவில்லை. தலை முதல் கால் வரை முழு உருவமும் தெரியும் தூரத்தில் நின்று, துண்டு துண்டாக வெட்டாமல், அது பொறுமையுடன் பார்க்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நாலு வெட்டு வெட்டி, யார் யாரை அடித்தார் என்பதே விளங்காமற் செய்யும் இன்றைய படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதனை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

சிறப்பைச் சொன்னோம். குறைகளையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

முதற் குறை, கடைசிப் பகுதியின் அவசரம். மடத்தில் எந்தக் கூடத்துக்கும் தலைவனாகலாம் என்று வரங் கொடுக்கப்பட்டபோது, சான் தே இருக்கின்ற 35இல் ஒன்றையும் கேட்கவில்லை. சாதாரண மக்களுக்கும் இந்த வித்தையைக் கற்பிக்கப் புதிதாக 36ஆம் கூடம் ஒன்று வேண்டும் என்கிறான். பழிவாங்க வந்தவன் ஆசிரியனாக விரும்பும் இக்கட்டமே படத்தின் சிகரம். மடத்தவர் தண்டிப்பது போல அவனை வெளியேற்றி, மறைமுகமாக அவன் எண்ணத்துக்கு வழிவிடுகின்றனர். நாமும் ஆவலுடன் காத்திருக்கிறோம். ஆனால் நடப்பது என்ன? வழியிற் சந்திக்கும் இளைஞர் சிலர் விரைவாகச் சீடராகின்றனர். தளபதியுடன் போர் மூள்கிறது, தளபதி மடிகிறான். 36ஆம் கூடத்தைக் கடைசியில் ஒரு கணம் காட்டிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. கைவன்மை இல்லாத ஒரு தொழிலாளி, குடும்பப் பாரம் சுமக்கும் ஒருவன், அவ்வித்தையை எப்படிக் கற்றான்? அவனுக்கும் ஆறு ஆண்டுகள் வேண்டுமா? அவன் எங்கே விழுந்தான், எங்ஙனம் எழுந்தான்? படத்தின் பெயரிலேயே உள்ள கூடத்தின் கதவு, நாம் உள்ளே நுழையுமுன் சாத்தப்படுகிறது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. சான் தே கற்ற இடம் பௌத்த மடம். கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட நெறி அது. அங்கே ஏழாண்டு வாழ்ந்தவனின் உள்ளத்தில் பழியுணர்ச்சி என்னவாயிற்று? தணிந்ததா, நீறுபூத்த நெருப்பாகக் கிடந்ததா? உச்சிக் கூடத்தில் சூத்திரம் ஓதும் துறவிகளைக் காட்டியபோது இக்கேள்வியை எழுப்பிய படம், தளபதியைக் கொல்லும்போது அதனை மறந்துவிடுகிறது. நடுப்பகுதியின் உயர்ந்த எண்ணத்துக்கும் கொட்டகைக்கு வந்தோர் எதிர்பார்த்த முடிவுக்கும் இடையே மூண்ட சண்டையில், எண்ணம் தோற்றது என்றே சொல்லவேண்டும்.

ஏனைய குறைகளைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். தளபதியாக வரும் லோ லியே ஆற்றல் மிக்க நடிகராயினும், கொடுமைக்கு அப்பால் அவருக்கு ஒரு முகம் கொடுக்கப்படவில்லை. சொல்லிக்கொள்ளத்தக்க பெண் பாத்திரம் ஒன்றும் இப்படத்தில் இல்லை. இதே டைரக்டர் 1981இல் எடுத்த படமொன்றில் ஒரு பெண்ணை நடுநாயகமாக வைத்ததையும், அதில் நடித்த ஹுய் யிங்-ஹுங் ஹொங்கொங் திரைப்பட விருது விழாவின் முதலாவது சிறந்த நடிகை விருதைப் பெற்றதையும் நினைக்கும்போது, இக்குறை மேலும் உறுத்துகிறது.

வரலாறு குறித்தும் ஓர் எச்சரிக்கை. சான் தேயைப் பற்றிய கதைகள் 19ஆம் நூற்றாண்டுக் கதைநூல்களாலும் செவிவழியாலும் வளர்ந்தவை. மூன்று துண்டுக் கோலை அவனே கண்டுபிடித்தான் என்பது படத்துக்கான கற்பனை. ஷாவோலின் என்றதும் நம்மவர்க்குப் போதிதருமர் நினைவு வருவது இயல்பு. அவர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று பழைய சீனக் குறிப்பொன்று கூறுவது உண்மை. மேற்குத் திசை நாட்டவர் என்று கூறும் பழைய குறிப்பும் உண்டு. ஆனால் ஷாவோலின் சண்டைக்கலையை அவரே தொடக்கினார் என்னும் கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றைப் பின்பற்றிப் பரவியதே என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. பெருமைப்பட விரும்புவோர் இதனை அறிந்துகொண்டு பெருமைப்படுவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்திலும் முடிவிலும் குருதி சிந்தும் காட்சிகள் உள்ளன. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அவை ஏற்றவையல்ல. பெரிய பிள்ளைகளுடன் கூடியிருந்து பாருங்கள். கத்தி கட்டிய கைகளும் மணல்மூட்டையில் மோதும் தலையும் திரைக்கு மட்டுமே உரியவை என்பதைச் சொல்லிவையுங்கள். படம் முடிந்ததும், சான் தே தளபதியைக் கொன்றது சரியா என்று அவர்களையே கேளுங்கள். படம் கேட்காமல் விட்ட கேள்வியை வீடு கேட்கலாம்.

அமெரிக்காவில் இப்படத்துக்கு "மாஸ்டர் கில்லர்" என்று பெயர் சூட்டி வெளியிட்டார்கள். கொலையில் வல்லவன் என்று பொருள்படும் அப்பெயரைப் போல் இதற்குப் பொருந்தாத பெயர் வேறில்லை. சண்டையை விற்பவர்களின் கண்ணுக்கு முடிவிலுள்ள கொலை மட்டுமே தெரிந்தது. வெறுப்பவர்களின் கண்ணுக்கும் பெரும்பாலும் அதுவே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே, நீர் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு கை நடுங்க நடக்கும் ஓர் இளைஞன் இருக்கிறான். அவனைக் காட்டும் வரையில் இப்படம் எந்தக் காலத்துக்கும் உரிய நல்ல படம். அவனை மறந்து வாளுக்கு வேலை கொடுக்கும்போது அது பத்தோடு பதினொன்று. அடுத்த முறை எந்தச் சண்டைப் படத்தைப் பார்க்க நேர்ந்தாலும், கதாநாயகன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்று எண்ணுவதை விடுத்து, அவன் எத்தனை முறை விழுந்து எழுந்தான் என்று எண்ணிப் பாருங்கள். தராசு எப்பக்கம் சாய்கிறது என்பது தானே விளங்கிவிடும்.