ஒன்பது நிமிஷப் பாட்டுக்கு ஒரு ராத்திரி வேணும்

மக்களே, இது கொஞ்சம் டம் டம்னு சத்தம் கேக்கற பதிவு. ராஜா, ரஹ்மான் தவிர வேற எதுவும் காதுல ஏறாதுங்கறவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம் :-)

மேட்டர் என்னன்னா, சைக்கெடலிக் டிரான்ஸ், செல்லமா சைடிரான்ஸ். இதுல புதுசா ஒரு ஆல்பம் வந்தா அதைக் கிளப் நைட் வச்சு வெளியிடணுமா, இல்ல வெள்ளிக்கிழமை ராத்திரி 12 மணிக்கு ஸ்ட்ரீமிங்ல ஏத்திட்டு இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்டர் ஒட்டினா போதுமா? என்கூட ஆணி புடுங்கற நண்பன் ரெண்டாவது கட்சி. "கிளப் வாடகை, ஸ்பீக்கர் வாடகை, எல்லாம் தண்டச் செலவுடா. இப்ப எவன் ஆல்பம் கேக்கறான்?" அப்படிங்கறான். நான் முதல் கட்சி. ஆடற தரைல ஒலிக்காத சைடிரான்ஸ் ஆல்பம் இன்னும் வெளியாகவே இல்லைன்னுதான் சொல்லுவேன்.

முதல்ல காசு. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டை 30 செகண்ட் கேட்டாலே ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. அதுக்கப்புறம் 2 நிமிஷம் ஓடினாலும் ஒண்ணுதான், 9 நிமிஷம் ஓடினாலும் ஒண்ணுதான். ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷப் பாட்டு 24 ஓடும். எட்டு நிமிஷ டிராக் ஏழு ஓடினா பெரிசு. போதாக்குறைக்கு 2024லேர்ந்து, 12 மாசத்துல 1000 தடவை கூட ஓடாத டிராக்குக்குக் காசே கிடையாது. பொட்டி தட்டறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எதை அளந்து காசு குடுக்கறோமோ, சிஸ்டம் அதுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சுக்கும். இங்க வளையப் போறது பாட்டோட நீளம். மெதுவா ஏறி, நடுவுல மூச்சு வாங்கி, திரும்ப ஏறற அந்த வடிவமே நாலு நிமிஷத்துக்குச் சுருங்கிடும். ஒன்பது நிமிஷத்துக்கு ஒன்பது நிமிஷ மரியாதை கிடைக்கற ஒரே இடம் ஆடற தரை. என் கவலை அதுதான்.

ரெண்டாவது, படிச்ச எஞ்சினியரிங்குக்குக் கொஞ்சமாவது வேலை குடுக்கணுமில்ல? சைடிரான்ஸ் வேகம் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 140லேர்ந்து 150 அடி. 145னு வச்சுக்குங்க. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 414 மில்லி செகண்ட். அதை நாலா பிரிச்சா ஒவ்வொண்ணும் 103. முதல்ல கிக் டிரம், மிச்ச மூணுல பேஸ். டும்-டகட, டும்-டகட. நம்ம ஊர் பாஷைல சதுஸ்ர நடை. இந்த கிக்கும் பேஸும் கீழ 50 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நீங்க குடியிருக்கற ரூமை விடப் பெரிசு! லேப்டாப் ஸ்பீக்கர்ல அது வரவே வராது. நல்ல ஹெட்போன்ல காதுக்கு வரும், நெஞ்சுக்கும் உள்ளங்காலுக்கும் வராது. ஆல்பம் பண்ணினவர் மாசக்கணக்கா உக்காந்து அந்தக் கிக்கையும் பேஸையும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இழைச்சிருப்பார். அதை பஸ்ல போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "ஒரே மாதிரி இருக்கு"ன்னு சொன்னா எப்படி?

பழைய கதையைப் பாத்தாலும் என் கட்சிக்குத்தான் பலம். இந்த இசை பொறந்தது கோவால, அஞ்சுனா பக்கத்துக் கடற்கரைகள்ல. அங்கத்த வெயிலுக்கும் புழுதிக்கும் வினைல் தட்டு தாங்காது. அதனால கேசட், அப்புறம் 1987ல சோனி கொண்டு வந்த டேட் டேப். சான் ஃபிரான்சிஸ்கோலேர்ந்து வந்து இங்கயே ஐக்கியமான கோவா கில் (2023ல காலமாயிட்டார்) கடைசி வரைக்கும் டேட் டேப் ஆசாமியாத்தான் அறியப்பட்டார். சாதாரண டேட் மெஷின்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. அதாவது ரெண்டு பாட்டோட அடியை ஒண்ணா ஓட்டிக் கலக்க முடியாது. அதனால டிராக் பண்றவங்க ஆரம்பத்துலயும் முடிவுலயும் அடியே இல்லாம மிதக்கற மாதிரி ஒரு பகுதியை நீளமா வச்சாங்க. மெஷினோட பக், இசையோட ஃபீச்சர் ஆயிடுச்சு! ராத்திரி ஒலிச்சு, ஜனம் ஆடி, பேர் வாங்கின டேப்தான் ரொம்ப நாள் கழிச்சு சிடியா வரும். அங்க ரிலீஸ் தேதின்னா அது பாட்டு முதல்ல ஒலிச்ச ராத்திரிதான்.

லண்டன்லயும் அப்படித்தான். 1994ல பிரிட்டிஷ் அரசாங்கம் திறந்தவெளி ரேவ் பார்ட்டிகளை நிறுத்தறதுக்கு ஒரு சட்டம் போட்டுது. திரும்பத் திரும்ப அடிக்கற தாளம்னு இசையையே சட்டத்துல வரையறுத்த புண்ணியவான்கள். அந்தக் காலத்துல பிரிக்ஸ்டன்ல 'ஃபிரிட்ஜ்'ங்கற கிளப்ல (இப்ப எலெக்ட்ரிக் பிரிக்ஸ்டன்) 'ரிட்டர்ன் டு தி சோர்ஸ்'னு ஒரு சைடிரான்ஸ் நைட் நடந்துது. அந்த நைட்டோட பேர்லயே தொகுப்பு ஆல்பங்களும் வந்துது. நைட் முன்னாடி, ஆல்பம் பின்னாடி. இப்ப ஆல்பம் முன்னாடி வந்து நிக்குது, நைட் அதுக்கு விளம்பரப் பலகை ஆயிடுச்சு.

நண்பன் விடுவானா? "அப்ப ஷ்பாங்கிள்?"னு மடக்கினான். நல்ல கேள்வி. என்னை விட மூத்த ஆல்பமான 'ட்விஸ்டெட்'டை (1995) ஹாலுசினோஜென்ங்கற பேர்ல குடுத்த சைமன் போஸ்ஃபர்டும், அறுபதுகள்லேர்ந்து புல்லாங்குழல் ஊதற ராஜா ராமும் சேர்ந்து 1998ல போட்ட ஆல்பம் 'ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?'. அதுல கடைசி டிராக் மட்டும் 20 நிமிஷம். படுத்துக்கிட்டுக் கேக்கற சரக்கு. ஒத்துக்கறேன், அதுக்கு ஆடற தரை வேணாம், பாய் விரிச்ச சில்-அவுட் ரூம் போதும். ஆனா அவங்களே பத்து வருஷம் கழிச்சு 2008ல லண்டன் ரவுண்ட்ஹவுஸ்ல முழு பேண்டோட மேடை ஏறினாங்களே, ஏன்? ஹெட்போனே போதும்னா வீட்டுலயே இருந்திருக்கலாமே.

இதெல்லாம் சொல்லிட்டு, இப்ப நடக்கற லட்சணத்தையும் சொல்லணும். பெங்களூர்ல போன வருஷம் ஒரு ஆல்பம் வெளியீட்டு நைட்டுக்குப் போனேன். பேரெல்லாம் வேணாம். கதாநாயகர் மேடை ஏறினதே பதினொன்றரைக்கு. புது ஆல்பத்துலேர்ந்து நாலே நாலு டிராக், அதுவும் ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு நிமிஷம். மிச்சமெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய ஹிட்டு. முன்னாடி நின்ன கூட்டம் கைல போனோட மேல பாத்துக்கிட்டு நின்னுது. ராகம் தானம் பல்லவின்னு நோட்டீஸ் அடிச்சுட்டு ரெண்டு துக்கடா பாடி மங்களம் சொன்ன மாதிரி இருந்துது. ஒரு மணிக்குக் கடையைச் சாத்தணும், லைட்டைப் போட்டுட்டாங்க. அந்த ஆல்பத்தோட கடைசி ரெண்டு டிராக் விடிகாலைக்குன்னே பண்ணினது. வெளிச்சம் வர்ற நேரத்துல, மெலடி தூக்கலா, இருட்டு சமாச்சாரமெல்லாம் வடிஞ்சப்புறம் கேக்க வேண்டியது. அது இருக்கறதே அங்க வந்தவங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது.

(அப்புறம் "அந்த" மேட்டர். இந்த இசைன்னாலே போதைன்னு ஒரு பேர் இருக்கு, அது சும்மா வந்த பேரும் இல்ல. நான் லெமன் சோடாவோட நாலு மணி நேரம் ஆடறவன். காலு வலிக்கும், அவ்வளவுதான்.)

அதனால நான் கேக்கறது இதுதான். ராத்திரிக்கு இடமில்லைன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிங்க. திறந்தவெளின்னாலும் 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி 10 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கலாம். ஆறு மணி நேரம் கிடைக்குதே! நடுவுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆல்பத்தை முதல் டிராக்லேர்ந்து கடைசி டிராக் வரைக்கும் வெட்டாம ஓட்டுங்க. டிக்கெட் விலைலயே டவுன்லோடையும் சேர்த்துடுங்க, ஸ்ட்ரீமிங்ல ஒரு மாசம் கழிச்சுப் போடுங்க. சத்தத்துக்கும் ஒரு அளவு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன உச்சவரம்பு சராசரி 100 டெசிபல். வாசல்லயே இயர்பிளக் வச்சா இன்னும் நல்லது.

நண்பன் இதுக்கு மட்டும் வரேன்னுட்டான். பத்து மணிக்கு முடிஞ்சா திங்கக்கிழமை காலை ஸ்டாண்டப் மீட்டிங்குக்குப் பங்கம் வராதாம்.